மாப்பிள்ளைத் தோழன்: மேடை அலங்காரமா, திருச்சபையின் சாட்சியா?



தவக்காலம் முடிந்து உயிர்ப்புப் பெருவிழா வந்துவிட்டால், நமது பங்குகளில் திருமண ஓலை வாசிக்கப்படாத ஞாயிறு அரிது. பெருங்களத்தூர், தாம்பரம் பகுதியில் வாழும் நம்மில் பலர் நெல்லை, தூத்துக்குடி, குமரி, தஞ்சை என்று வெளிமாவட்டங்களிலிருந்து வேலைக்காக வந்து குடியேறியவர்கள். மாப்பிள்ளை வீட்டார் ஓர் ஊர், பெண் வீட்டார் வேறோர் ஊர். மாப்பிள்ளைத் தோழனோ அலுவலக நண்பர். முந்தின இரவு பேருந்து பிடித்து, காலையில் வந்து இறங்கி, கோட்டு அணிந்து நிற்கிறார். திருப்பலி முடிந்து திருமணப் பதிவேட்டை நீட்டும்போது, "நான் எதற்கு கையெழுத்துப் போட வேண்டும், ஃபாதர்?" என்று கேட்கிறார். நல்ல கேள்வி. அதற்கான விடையை இங்கு சிந்திப்போம்.

1. திருவிவிலியத்தில் மணமகனின் தோழர்

யூத மரபில் மணமகனின் தோழர் 'ஷோஷ்பின்' எனப்பட்டார். இரு வீட்டாருக்கும் இடையே சென்று பேசுவதும் திருமண ஏற்பாடுகளைக் கவனிப்பதும் அவரது பொறுப்பு. திருமுழுக்கு யோவான் தம்மை இவருக்கே ஒப்பிடுகிறார் (யோவான் 3:29). எல்லாரும் இயேசுவிடம் போகிறார்களே என்று சீடர்கள் குறைபட்டபோது, மணமகள் மணமகனுக்கே உரியவர், தோழருக்கு மணமகனின் குரலைக் கேட்பதே மகிழ்ச்சி என்கிறார். தான் முன்னே நிற்காமல் நண்பனை முன்னே நிறுத்துபவரே தோழர்.

இதற்கு எதிரான தோழரும் விவிலியத்தில் உண்டு. சிம்சோனின் திருமணத்துக்கு முப்பது தோழர்கள் அழைத்து வரப்பட்டனர். கடைசியில் அவருடைய மனைவி அவருக்குத் தோழனாயிருந்தவனுக்கே கொடுக்கப்பட்டாள் (நீதித் தலைவர்கள் 14:11-20). தோழரின் எண்ணிக்கை பெரிதல்ல, நம்பகத்தன்மையே பெரிது.

2. திருச்சபை ஏன் இரு சாட்சிகளைக் கேட்கிறது?

இலத்தீன் திருச்சபையின் போதனைப்படி மணமக்களே ஒருவருக்கொருவர் இத்திருவருட்சாதனத்தை வழங்குகின்றனர். குருவானவர் திருச்சபையின் பெயரால் அவர்களது சம்மதத்தைக் கேட்டுப் பெறுகிறார். பல நூற்றாண்டுகளாக, மணமக்கள் இருவரும் தனிமையில் சம்மதம் சொன்னாலே திருமணம் செல்லும் என்ற நிலை இருந்தது. இதனால் இரகசியத் திருமணங்கள் பெருகின. ஒரு பெண்ணிடம் வாக்களித்தவன், பின்னர் அதை மறுத்து வேறொருத்தியை ஊரறிய மணந்தால், முதல் பெண்ணுக்காகப் பேச யாருமில்லை.

இந்த அநீதிக்கு முடிவு கட்டவே திரிதெந்து பொதுச்சங்கம் 1563-ஆம் ஆண்டு, பங்குத்தந்தையும் இரண்டு அல்லது மூன்று சாட்சிகளும் இல்லாத திருமணம் செல்லாது என்று ஆணையிட்டது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் (எண் 1108) இரு சாட்சிகளை வலியுறுத்துகிறது. உரிய குருவானவர் கிடைக்கவோ அணுகவோ பெரும் இடரின்றி இயலாதபோது, மரண ஆபத்திலும், அந்நிலை ஒரு மாதம் நீடிக்கும் என்று கருதப்படும் வேளையிலும், சாட்சிகள் முன்னிலையில் மட்டுமே திருமணம் செய்யலாம் (எண் 1116). சாட்சிகள் எவ்வளவு முக்கியமானவர்கள் என்பதற்கு இதுவே சான்று.

நாட்டுச் சட்டமும் இதையே கேட்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் குருவானவரைத் தவிர இரு சாட்சிகளைக் குறிப்பிடுகிறது. ஆக, தோழரின் கையெழுத்து, வாழ்வில் பின்னாளில் ஏமாற்றப்படக்கூடிய ஒருவருக்கான பாதுகாப்பு.

3. யார் சாட்சியாகலாம்?

சட்டம் 'மாப்பிள்ளைத் தோழன்' என்ற பெயரைச் சொல்வதில்லை; சாட்சி என்றே சொல்கிறது. நடப்பதைப் புரிந்துகொண்டு, பின்னர் அதற்குச் சான்று பகரக்கூடியவர் சாட்சியாகலாம். 1993-ஆம் ஆண்டின் கிறிஸ்தவ ஒன்றிப்பு வழிகாட்டி, பிற சபைக் கிறிஸ்தவர்களும் கத்தோலிக்கத் திருமணத்தில் சாட்சியாகலாம் என்கிறது. சிறுவன் ஒருவன் தோழனாக நின்றால், பெரியவர் ஒருவர் கையெழுத்திடுவது முறை. நமது குடும்பங்கள் பலவற்றில் பெண்ணின் சகோதரரே மாப்பிள்ளைத் தோழனாக நிற்கிறார். அழகான வழக்கம்! மச்சானும் மாப்பிள்ளையும் அன்றே நண்பர்களாகிறார்கள்.

4. தோழரின் கடமைகள்

திருமணத்திற்கு முன்: திருமணத்திற்குத் தடை ஏதும் தெரிந்திருந்தால் அதைத் தெரிவிக்க இறைமக்கள் அனைவரும் கடமைப்பட்டவர்கள் (எண் 1069). ஓலை வாசிப்பதன் நோக்கமே இது. ஆனால் சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நம்மிடையே ஓலையைக் கேட்பவர்களுக்கு மாப்பிள்ளையைத் தெரியாது. தெரிந்தவர் தோழர் ஒருவரே. நண்பன் வீட்டாரின் மிரட்டலுக்குப் பயந்து சம்மதித்தானா? குடிப்பழக்கத்தைப் பெண்வீட்டாரிடம் மறைக்கிறானா? வேறொரு திருமண உறவு இருக்கிறதா? நண்பனிடம் முதலில் பேசுங்கள். அவன் திருந்தாவிட்டால் பங்குத்தந்தையிடம் வாருங்கள். நண்பனைக் காட்டிக் கொடுப்பதாகாதா என்று கேட்கலாம். மௌனமாக இருந்தால், ஒன்றுமறியாத ஒரு பெண்ணைக் காட்டிக் கொடுக்கிறோம். பல குடும்பங்கள் முறிந்தபின் நாம் கேட்டு வருந்தும் சொல், "எனக்கு அப்போதே தெரியும், ஃபாதர்" என்பதுதான்.

திருமண நாளில்: மோதிரங்களும் தாலியும் பத்திரமாக இருப்பதைக் கவனிப்பதும், நண்பர்கள் மதுவோடு கொண்டாடாமல் பார்த்துக்கொள்வதும் தோழரின் பணி. முடிந்தால் முந்தின நாளே வந்து, மணமகனோடு ஒப்புரவு அருட்சாதனம் பெறுங்கள். சம்மதம் சொல்லும் வேளையில் கைப்பேசியைப் பார்க்காமல் அந்த வார்த்தைகளைக் கேளுங்கள். கேட்டதற்காகத்தான் கையெழுத்திடுகிறீர்கள்.

திருமணத்திற்குப் பின்: கையெழுத்தோடு பணி முடிவதில்லை. 2016-இல் வெளிவந்த 'அன்பின் மகிழ்ச்சி' திருத்தூது ஊக்கவுரையில் திருத்தந்தை பிரான்சிஸ், மணவாழ்வின் முதல் ஆண்டுகளில் தம்பதியருக்குத் துணைநிற்பது பற்றி விரிவாகப் பேசுகிறார். தாய் தகப்பன் தொலைவில் இருக்கும் இளம் தம்பதியருக்கு முதல் சண்டையின்போது யார் இருக்கிறார்கள்? தோழர் போகலாம். நண்பனின் பக்கம் வாதாடுவதற்காக அல்ல, இருவரும் சொன்ன வாக்குறுதியை நினைவூட்டுவதற்காக.

கானாவூரில் திராட்சை இரசம் தீர்ந்ததை அன்னை மரியா கவனித்து இயேசுவிடம் சொன்னார் (யோவான் 2:3). ஒரு வீட்டில் அன்பு தீர்ந்துபோவதைக் கவனிப்பவரும் அதை ஆண்டவரிடம் எடுத்துச் செல்பவருமே உண்மையான தோழர்.

நாம் எத்தனையோ திருமணங்களில் தோழராக, தோழியாக நின்றிருக்கிறோம். அந்தத் தம்பதியர் இன்று எப்படி இருக்கிறார்கள்? இந்த வாரம் அவர்களை ஒருமுறை தொலைபேசியில் அழைத்துப் பேசுவோமா?