செங்கல் ஹாஸ்டலும் செங்கல் கோபுரமும்

இந்த எபிசோட்ல ஒரு ஹாஸ்டலோட கதை. எங்க ராஜபாளையம் பக்கம் ஹாஸ்டல்னு சொன்னா நீளமான வராண்டா, வரிசையா ரூம், கடைசியில பாத்ரூம். அகமதாபாத் ஐ.ஐ.எம். விடுதிகள் அப்படி இல்லை.

1961-ல் தொடங்கிய நிறுவனம் அது. கட்டடக் கலைஞர் பி.வி. தோஷி அழைச்சு, 1962-ல் அமெரிக்காவின் லூயி கான் வடிவமைக்க வந்தார். மொத்தம் 18 விடுதிகள். பத்துப் பத்து ரூமா சேர்த்து, பக்கத்துலயே மாடிப்படி, டீ ரூம். வகுப்பு முடிஞ்சு வர்றவங்க அங்க நின்னு பேசணும், அந்தப் பேச்சும் படிப்புதான்ங்கிறது அவர் எண்ணம். சுவர் பூசாத செங்கல். பெரிய வளைவுகள், அவை அகன்றுவிடாம இழுத்துப் பிடிக்க குறுக்கே கான்கிரீட் உத்தரம். ஆழமான திறப்புகள் வெயிலை மறைச்சு காத்தை மட்டும் விடும்.

ஆனா செங்கல்லுக்குள்ள இரும்புக் கம்பி இருக்கு. தண்ணீர் கசிஞ்சா கம்பி துருப்பிடிச்சு உப்பும், செங்கல் வெடிக்கும். 2001 பூகம்பமும் சேதப்படுத்தியது. 2020 டிசம்பரில் 14 விடுதிகளை இடிக்கப்போறதா அறிவிச்சாங்க. உலகம் முழுக்க எதிர்ப்பு வந்ததும் 2021 ஜனவரி 1-ல் வாபஸ். 2022 நவம்பரில், பழுதுபார்ப்பதை விட்டுட்டு புதுசா கட்டுறதுன்னு மறுபடி முடிவு.

பாதுகாப்புதான் காரணம்னு சொன்னாங்க. அதை வெறும் சாக்குன்னு தள்ள முடியாது. தலைக்கு மேல காரை உதிர்ற ரூம்ல யார் தூங்குவாங்க? ஆனா அதே வளாகத்துல நூலகத்தைச் சீரமைச்சு, 2019-ல் யுனெஸ்கோ விருதும் வாங்கினாங்க. 15-ஆம் எண் விடுதியையும் சீரமைச்சாங்க. அப்போ முடியாத வேலை இல்லை.

இங்கதான் எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் ஞாபகம் வருது. 11 நிலை, 190 அடிக்கு மேல உயரம். அடியில் கருங்கல், மேலே செங்கல்தான். உள்ளே துருப்பிடிக்கிற கம்பி இல்லை, அதனால ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல மாட்டேன். ஆனா கோயிலுக்குத் திருப்பணின்னு ஒரு முறை இருக்கு. 12 வருஷத்துக்கு ஒருதடவை குடமுழுக்குங்கிறது வழக்கம். அதுக்கு முன்னாடி சாரம் கட்டி, முளைச்ச செடியைப் பிடுங்கி, உதிர்ந்த செங்கல்லை மாத்துவாங்க. பழசாயிடுச்சு, இடிச்சிடலாமான்னு யாரும் கேக்கிறதில்லை. நாள் தள்ளினாலும் அந்த வேலை வந்தே தீரும்.

ஹாஸ்டலுக்கு அந்த மாதிரி வழக்கம் கிடையாது. ஒழுகினப்புறம்தான் ஆள் வருவாங்க. ஒரு கட்டடத்தோட ஆயுசு செங்கல்லை விட அந்த வழக்கத்துல இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

உங்க ஹாஸ்டல் எந்த வருஷம் கட்டினது, கடைசியா எப்போ மராமத்து பார்த்தாங்கன்னு வார்டன்கிட்ட கேட்டுப் பாருங்க. பதிலை எங்களுக்கு எழுதுங்க.