டேவிட் சாலமன்ஸும் சூளுரைத் தொடரும்

சூளுரையாவது, தன் நெஞ்சறிந்த மெய்யைச் சான்றாக்கிக் கூறுஞ் சொல். நெஞ்சம் ஒன்றை நம்ப, நா மற்றொன்றைச் சூளுறுமாயின் அது பொய்யேயாம். ஆயினும், பொய்ச்சூள் உரைப்பானுக்குக் கதவைத் திறந்து, மெய்யனுக்கு அதனை அடைத்து நின்ற சட்டமும் ஒரு நாட்டில் இருந்தது. அக்கதவின்முன் இருபது ஆண்டுகட்கு மேலாக நின்றவர் இலண்டன் மாநகரில் யூதக் குடியிற் பிறந்த டேவிட் சாலமன்ஸ் (1797–1873) என்பார்.

அம்மாநகரின் மேயராவார் முன்னர் ஷெரீப்பாகவும் ஆல்டர்மனாகவும் இருந்திருத்தல் வேண்டும். சாலமன்ஸ் வணிகர், இலண்டன் வெஸ்ட்மினிஸ்டர் பாங்கினை நிறுவினாருள் ஒருவர். 1835-ஆம் ஆண்டில் ஷெரீப்பாகத் தேரப்பெற்றார். பதவியேற்பார் கூறும் உறுதிமொழியில், 'கிறித்தவனொருவனது மெய்ந்நம்பிக்கையின்மீது' என்றொரு தொடர் இருந்தது. பார்லிமெண்டு தனிச்சட்டம் இயற்றி ஷெரீப்புக்கு அவ்விடரை நீக்கிற்று. அவ்வாண்டிலேயே ஆல்டர்மனாகத் தேரப்பெற்றபோதோ, அத்தொடர் மீண்டும் குறுக்கே நின்றது. அவர் அதனைக் கூற மறுத்தார், தேர்வு வறிதாயிற்று. 1844-லும் அங்ஙனமே. மறுஆண்டு நகராட்சிப் பதவிகட்குரிய தடையைச் சட்டம் நீக்கியது, 1847-ல் ஆல்டர்மனாயினார்.

இத்தொடரின் வரலாறு ஆராயத்தக்கது. நகராட்சி உறுதிமொழியில் அது 1828-ல் பிரபுக்கள் சபையார் செய்த இடைச்செருகல். பார்லிமெண்டுச் சூளுரையில் நின்ற தொடரோ இன்னும் பழையது. 1605-ல் வெளிப்பட்ட வெடிமருந்துச் சதியின் பின்னர், கத்தோலிக்கர் உள்ளொன்று வைத்துப் புறமொன்று கூறித் தப்பாதவாறு பிணித்தற்கு எழுந்தது அது. அந்நாளில் இங்கிலாந்தில் யூதர் வெளிப்பட வாழ்தற்கு இசைவே இல்லை. 1290-ல் துரத்தப்பட்டார் மீண்டும் இடம்பெற்றது 1656-லேயாம். யாரைப் பிணிக்க அத்தொடர் எழுந்ததோ அக்கத்தோலிக்கர் 1829-ல் வேறு சூளுரை பெற்று உட்புகுந்தனர். ஆக்கியோர் கருதாத யூதரே வெளியில் நின்றனர். கருத்து மறைந்த பின்னும் சொல் மட்டும் நின்று ஆட்சி செய்தவாறு இது.

ஐம்பது அகவை கடந்த பின்னர், 1849-ல், சாலமன்ஸ் பாரிஸ்டர் ஆயினார். 1851-ல் கிரீனிச் தொகுதியார் அவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினர். அவர் சூளுரையை அத்தொடர் ஒழித்துக் கூறி, அவையில் அமர்ந்து பேசினார், வாக்கும் அளித்தார். வழக்கு எழுந்தது. அத்தொடர் சூளின் வடிவமே, பொருளன்று. கூறுவானுடைய நெஞ்சைப் பிணித்தற்கே அது வந்தது. யூதனுடைய நெஞ்சை அது பிணியாது என வாதிக்கப்பட்டது. நீதிபதிகளுள் மார்ட்டின் என்பார் ஒருவர் இதற்கு இசைந்தார். ஏனையோர், தொடர் சூளின் உறுப்பே. பார்லிமெண்டு ஒன்றே அதனை நீக்கவல்லது எனத் தீர்த்தனர். ஐந்நூறு பவுன் தண்டம் விழுந்தது. சட்டத்தின் எழுத்தை நோக்க அத்தீர்ப்புப் பிழையென்றல் அரிது. ஆயினும் சட்டஞ் செய்தார் உள்ளத்தை நோக்கியவர் மார்ட்டினே.

1855-ல் சாலமன்ஸ் இலண்டன் மேயரானார். அப்பதவி பெற்ற முதல் யூதர் அவரே. தலைநகரின் முதல்வராயிருந்து வழக்குகளை விசாரிக்கும் உரிமையுடையார்க்கு, அவ்வாண்டிலும் பார்லிமெண்டில் அமரும் உரிமை இல்லை. அவ்வொரு தொடரை முணுமுணுத்திருப்பின் இவையனைத்தும் முன்னரே எய்தியிருக்கும்.

1858-ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின், 1847 முதல் காத்திருந்த லயனல் ராத்சைல்டு முதலில் அவை புகுந்தார். 1859-ல் கிரீனிச் தொகுதியார் சாலமன்ஸை மீட்டும் தேர்ந்தனர். இறக்குமளவும் அவர் அவ்விடத்திருந்தார். 1866-ல் சூளுரை புதிதாக வகுக்கப்பட்டபோது அத்தொடர் அதில் இடம்பெறவில்லை.