கண்ணருகு வில்லை
தொலைநோக்கியின் பொருளருகு வில்லையோ குழியாடியோ உருவாக்கும் பிம்பத்தைப் பெரிதாக்கிக் காட்டும், கழற்றி மாற்றத்தக்க வில்லைத் தொகுதி. தொலைநோக்கியின் குவியத்தூரத்தை இதன் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும்: 1200 மி.மீ. கருவியில் 25 மி.மீ. வில்லை 48 மடங்கும், 10 மி.மீ. வில்லை 120 மடங்கும் பெருக்கும். முன்னது ஆந்திரமேடா விண்மீன் மண்டலத்துக்கும், பின்னது சனியின் வளையங்களுக்கும் ஏற்றது. துளைவிட்டத்தின் ஒவ்வொரு மி.மீட்டருக்கும் ஏறத்தாழ இரு மடங்கு என்ற அளவைத் தாண்டினால் பிம்பம் மங்கும். தொடக்கநிலையாளர் பெரிதும் கவனிக்கத் தவறும் வரம்பு இதுவே. குழலின் பொது அளவுகள் 1.25, 2 அங்குலம். அடிமரையில் நிலவு வடிகட்டியைத் திருகிப் பொருத்தலாம்.

குவிவில்லை அமைப்பைக் கெப்ளர் 1611இல் விளக்கினார். இன்று பரவலான பிளோசல் வகையை வியன்னாவின் கியோர்க் சைமன் பிளோசல் 1860இல் வடிவமைத்தார். காட்சிப்புலம் சுமார் 50 பாகை. இவ்வகையில் குவியத்தூரம் குறைந்தவற்றில் இமைமயிர் கண்ணாடியைத் தொடுமளவு நெருங்க வேண்டியிருப்பதால், மூக்குக்கண்ணாடி அணிவோருக்கு அவை பொருந்தா.