மார்டள்ளியில் எத்தனை எழுத்து? கருவிக் குறிப்புகளின் வரலாறு பற்றி

கர்நாடகத்தில், மாதேசுவரன் மலையை அடுத்த பகுதியில், தமிழ் பேசுவோர் மிகுதியாக வாழும் ஊர் மார்டள்ளி. அப்பெயரில் எத்தனை எழுத்துகள்? மா, ர், ட, ள், ளி என ஐந்து. இலக்கணம் பயின்ற எவரும் தயங்காமல் கூறும் விடை இது.

இதே வினாவை நிரலாக்க மொழிகளிடம் கேட்டால் விடை மாறுகிறது. பைத்தான் மொழியின் ‘லென்’ 9 என்கிறது. கோ மொழியில் அதே பெயருடைய ‘லென்’ 27 என்கிறது. ஸ்விஃப்ட் மொழியின் ‘கவுண்ட்’ 5 என்கிறது. மூன்றும் தத்தம் அளவில் சரியே. 1991இல் வெளிவந்த யூனிகோட், 1988ஆம் ஆண்டின் இஸ்கி குறியீட்டு முறையைப் பின்பற்றி, ‘மா’ என்பதை மகரமும் துணைக்காலுமாக இரண்டு குறியீடுகளாக்கியது. புள்ளிக்கும் தனிக் குறியீடு தந்தது. பைத்தான் எண்ணுவது அக்குறியீடுகளை. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள். கோ எண்ணுவது அவற்றை. ஸ்விஃப்ட் எண்ணுவது கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை. ஆகவே ‘நீளத்தைத் தரும்’ என்று மட்டும் ஒரு கருவிக்குக் குறிப்பு எழுதினால், எதன் நீளம் என்ற வினா எஞ்சி நிற்கிறது.

இக்குறை புதிதன்று. 1971 நவம்பரில் தாம்சனும் ரிட்சியும் வெளியிட்ட யுனிக்ஸ் கையேட்டின் முதற்பதிப்பு, கட்டளையின் பெயர், அமைப்பு, விளக்கம் என்று சுருக்கமாகவே பேசியது. அறிந்த பிழைகளைக் கூறவும் அதில் தனிப்பகுதி இருந்தது என்பது போற்றத்தக்கது. அந்தச் சுருக்கம் செல்லுபடியானதற்கு ஒரு காரணம் உண்டு. படிப்பவர் ஐயுற்றால் அருகில் இருப்பவரைக் கேட்பார். மூலநிரலைத் திறந்து பார்ப்பார். ஒருமுறை இயக்கிப் பார்த்துத் திருத்திக்கொள்வார்.

நம் நூல் மரபிலும் இத்தகைய ஏற்பாடு இருந்தது. சூத்திரம் சுருங்கியிருக்கலாம், அதை விரிக்க ஆசிரியர் இருந்தார், பின்னர் உரை வந்தது. 13ஆம் நூற்றாண்டில் கங்கர் மரபினனான சீயகங்கனின் வேண்டுகோளின்படி பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலுக்கு மயிலைநாதர் உரை துணைநின்றது. அந்நூலின் பாயிரம் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை வகுக்கிறது. அவற்றுள் மூன்று நமக்கு இங்கே வேண்டியவை: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மயங்க வைத்தல்.

2023 ஜூனில் ஓப்பன்ஏஐ நிறுவனம், வெளிச் செயற்கூறுகளை அழைக்கும் வசதியைத் தன் மொழி மாதிரிகளுக்கு அளித்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம், கருவிகளை இணைப்பதற்கான எம்சிபி என்னும் பொது நெறிமுறையை வெளியிட்டது. இரண்டிலும் அடிப்படை ஒன்றே. கருவியின் பெயர், அதன் விளக்கம், அது ஏற்கும் உள்ளீடுகளின் வடிவம் ஆகியவை மாதிரியின் முன் வைக்கப்படுகின்றன. எக்கருவியை எப்போது அழைப்பது என்பதை முகவர் அவற்றைக் கொண்டே தீர்மானிக்கிறது. பொதுவாக உள்ளிருக்கும் நிரல் அதன் கண்ணில் படுவதில்லை. உரையாசிரியர் இல்லாத சூத்திரம் போன்றது இந்நிலை. 9 என்ற விடை வந்தால் தமிழ் மாணவர் திடுக்கிடுவார். முகவர் அதை வாங்கிக்கொண்டு அடுத்த படிக்குச் சென்றுவிடக்கூடும்.

இதனால் விளையும் கேடு எழுத்தெண்ணிக்கையோடு நிற்பதன்று. மார்டள்ளி அப்போது அமைந்திருந்த கொள்ளேகால் வட்டம் 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மாநிலச் சீரமைப்பின்போது மைசூர் மாவட்டத்தோடு இணைந்தது; 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். ஆக, 1951, 1991, 2001ஆம் ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்குகளில் அப்பகுதியை மூன்று வெவ்வேறு மாவட்டங்களில் தேடவேண்டும். ஒரு தரவுக் கருவியின் குறிப்பு ‘மாவட்டத்தின் பெயரைக் கொடுக்கவும்’ என்று மட்டும் கூறினால், அது குன்றக் கூறல். முகவர் ‘சாமராஜநகர்’ என்று கொடுத்து, 1951இல் ஒன்றுமில்லை என்ற விடையைப் பெற்று, அப்பகுதிக்குத் தரவே இல்லை என்று எழுதிவிடலாம். எல்லைப்புறத் தமிழரைப் பற்றிய ஆய்வில் அவ்வொரு வரி ஒரு சமூகத்தின் வரலாற்றையே மறைத்துவிடும். ‘அந்தந்தக் கணக்கெடுப்பு ஆண்டில் வழங்கிய மாவட்டப் பெயரைக் கொடுக்கவும்; எல்லைகள் பின்னர் மாறியிருக்கலாம்; பதிவு கிடைக்காவிட்டால் வெற்று விடை வரும், அது சுழியம் அன்று’ என்று எழுதியிருந்தால் போதும்.

அதற்காக அனைத்தையும் கொட்டிவைப்பதும் தீர்வன்று. விளக்கங்கள் யாவும் மாதிரி ஒரு நேரத்தில் படிக்கக்கூடிய உரையின் அளவிலிருந்தே இடம் பிடிக்கின்றன. மிகைபடக் கூறினால் வேண்டியது அதனுள் புதைந்துபோகும். ஒரே செயலைச் செய்வனபோலத் தோன்றும் இரு கருவிகளுக்கு வேறுபாடு சுட்டாமல் விடுவது மயங்க வைத்தல்.

தமிழ்ச் சொல்வங்கிகளையும் உருபனியல் பகுப்பிகளையும் உருவாக்கும் மாணவர்களிடமும் துறைகளிடமும் ஒரு வேண்டுகோள். கருவியை வெளியிடும் முன் ஐந்து செய்திகளை எழுதுங்கள்: எது அலகு, எந்த ஆண்டின் வரையறை, என்ன உள்ளீடு, பிழை நேர்ந்தால் என்ன விடை, எதற்குப் பயன்படுத்தக் கூடாது. இறுதியில் ஓர் எடுத்துக்காட்டும் தாருங்கள். ‘மார்டள்ளி’ எனக் கொடுத்தால் 9 வரும். இது யூனிகோட் குறியீடுகளின் எண்ணிக்கை, தமிழ் எழுத்துகளின் எண்ணிக்கை அன்று. இவ்வளவே போதுமானது.