சாயமும் வாடகையும்

ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளைப் படம் எடுக்காமல் ஊர் திரும்பும் ஆள் குறைவு. மங்கிய மஞ்சள், வெளிறிய நீலம், ஆங்காங்கே உரிந்து தெரியும் செங்கல். அந்த மங்கலை நாம் அழகு என்கிறோம். அதற்குச் சட்டப் பெயர் ஒன்றும் உண்டு: 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்.

1948 ஜனவரி 31க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை அந்தச் சட்டம் ஏறவிடாமல் பிடித்து வைத்திருந்தது. போருக்குப் பிந்தைய வீட்டுப் பஞ்சத்தில் பிறந்த ஏற்பாட்டின் தொடர்ச்சி அது. வாடகை ஏறாத வீட்டுக்கு உரிமையாளர் எதற்குச் சாயம் அடிக்கப் போகிறார்? குடியிருப்பவரும் ‘என் வீடா இது’ என்று விட்டுவிடுவார். இரண்டு பேரும் கைவைக்காததால் பல சுவர்கள் பழையபடியே நின்றன. 1997இல் நாடாளுமன்றம் சட்டத்தை நீக்கியது. அவகாசம் முடிந்து 2000 பிறந்தபோது கட்டுப்பாடு முழுதாகப் போனது. வாடகை எகிறியது, தலைமுறைகளாக இருந்த குடும்பங்கள் மூட்டை கட்டின. 2008 ஜூலையில் யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ்டவுனையும் சேர்த்து உலக மரபுப் பட்டியலில் இட்டபோது சுவர்கள் இருந்தன. அவற்றுக்குள் வாழ்ந்தவர்களில் பலர் இல்லை.

இந்தக் கணக்கெல்லாம் எனக்கு இப்போது தேவைப்படுவதற்குக் காரணம், நிபோங் திபாலில் அப்பா வாங்கிப் போட்ட ஒரு கடைவீடு. எனக்கும் அக்காவுக்கும் பொது. கீழே முடிதிருத்தும் கடை, மேல்மாடி காலி. வெளிச்சுவரில் சாயம் கொப்புளம் கொப்புளமாகப் பொரிந்து உதிர்கிறது. “நல்லா பளிச்சுன்னு அடிச்சு விடுடா. வாடகைக்கு விட்ட வீடுதானே, அந்தச் செலவ வருமான வரியில கழிச்சுக்கலாம். அப்புறம் வாடகையும் ஏத்தலாம்” என்கிறார் அக்கா. கணக்கு சரிதான். சுவர்தான் ஒத்துவரவில்லை.

சாயக்காரர் வந்து சுரண்டிப் பார்த்தார். மேலே வெண்மஞ்சள், அதன் கீழ் பச்சை. இரண்டும் இந்தக் காலத்துப் பிளாஸ்டிக் சாயம். அதற்கும் அடியில் பொடிப்பொடியாக நீலச் சுண்ணாம்பு. தூண் ஒன்றில் பச்சைக்குக் கீழே தமிழ் எழுத்துகளின் மேடு கைக்குத் தட்டுப்படுகிறது. ‘கடை’ என்பது மட்டும் புரிகிறது. யாருடைய கடை என்பது சாயத்துக்குள் இருக்கிறது.

சுண்ணாம்பு ஏன் போனது என்று கேட்பதைவிட, ஏன் இருந்தது என்று கேட்பது நல்லது. பழைய கடைவீட்டின் செங்கல் மென்மையானது. நிலத்தின் ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும். சுட்ட சிப்பியையோ கல்லையோ நீரில் நீற்றி அடித்தால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. அதில் நுண்துளைகள் உண்டு. சுவருக்குள் ஏறிய ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். பிளாஸ்டிக் சாயம் சுவர்மேல் ஒரு தோல். ஈரம் உள்ளேயே நின்று, உப்பு படிகமாகி, காரையையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வரும். கிரியான் ஆற்றை ஒட்டிய தாழ்ந்த ஊரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

இந்த வித்தை நம்மவர்களுக்கு அந்நியமல்ல. தீவின் ஆரம்பகாலக் கட்டடங்களில் இந்தியக் கைதிகளின் உழைப்பு இருக்கிறது. 1818இல் முடிந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் ஓர் உதாரணம். இன்றைய ஜாலான் குருத்வாராவின் பழைய பெயரே செங்கல் சூளைச் சாலைதான். சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயச் சுவருக்கு, சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் கலந்த ‘மதராஸ் சுண்ணம்’ பூசினார்கள் கைதிகள். கட்டியவர் பெயர் சுவரில் தங்காது, பூச்சு தங்கும்.

நீலத்துக்கும் நம் பக்கத்தில் ஒரு வேர் உண்டு. லெய்த் தெருவில் உள்ள சியோங் ஃபாட் ஸீயின் நீல மாளிகைக்குச் சுண்ணாம்பில் அவுரி நீலம் கலந்து அடித்திருக்கிறார்கள். திண்டிவனம் பக்கம் இன்றும் பயிராகும் அதே அவுரி. மாளிகை எழுந்துகொண்டிருந்த 1897இல்தான் ஜெர்மனியில் செயற்கை அவுரி நீலம் சந்தைக்கு வந்தது; இந்திய அவுரி வியாபாரம் அதன்பின் சரிந்தது. சியோங் 1916இல் இறந்தார். கடைசி மகன் சாகும்வரை வீட்டை விற்கக்கூடாது என்பது உயில். மாளிகை பல குடும்பங்களுக்கு வாடகை வீடாகிச் சிதைந்தது. 1989இல் கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோவும் நண்பர்களும் அதை வாங்கி, சுண்ணாம்பு முறைக்கே திருப்பினார்கள். 2000இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது கிடைத்தது. இன்று அது தங்கும் விடுதி. பழைய முறைச் சாயமும் வாடகையை ஏற்றும் என்பதை அந்த நீலமே சொல்கிறது.

நிபோங் திபால் மரபு மண்டலத்துக்கு வெளியே. இங்கே எந்த நிறம் அடித்தாலும் கேட்க ஆளில்லை. கரும்புத் தோட்டங்களுக்காகத் தமிழர்களைக் கொண்டுவந்த வட்டாரம் இது. சுற்றுலாக்காரர்கள் தேடிவருவது கலிடோனியா தோட்டத்தில் பாழடைந்து கிடக்கும் துரையின் 99 கதவு மாளிகையை. அதற்குப் பேய்க்கதை இருக்கிறது. தூணில் புதைந்த மளிகையோ துணியோ விற்ற கடைக்கு அதுகூட இல்லை.

முடிதிருத்தும் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். கத்தரியை நிறுத்தாமலே கேட்டார்: “சாயம் அடிக்கிறது நல்லதுதான் தம்பி. அடிச்சா எவ்ளோ ஏத்துவீங்க?”

எந்த மரபு அறிக்கையும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. குடியிருப்பவருக்குப் புதுச் சாயம் என்பது ஒரு முன்னறிவிப்பு.

ஆகவே முடிவு இப்படி. பிளாஸ்டிக் தோலின் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. முதலில் உரிக்க வேண்டும். முழு முகப்பையும் உரிக்க இப்போது காசில்லை. ஈரம் ஏறும் கீழ்ப்பகுதியை மட்டும் அஞ்சடி நெடுக இந்த ஆண்டு உரித்துச் சுண்ணாம்பு அடிக்கிறோம். எழுத்து இருக்கும் தூணை யாரும் தேய்க்கக்கூடாது. மெதுவாகப் பச்சையை எடுக்கத் தெரிந்த ஆள் கிடைக்கும்வரை அது அப்படியே இருக்கும். வாடகை பழைய வாடகைதான். இரண்டு ஆண்டுக்கு அதை எழுதிக் கொடுத்துவிட்டோம். அக்காவுக்கு முழுச் சம்மதமில்லை. “அரைகுறையா நிக்குமேடா” என்கிறார். நிற்கட்டும். மேலே வெண்மஞ்சள், கீழே வெள்ளை. பார்க்க நன்றாக இருக்காது. ஆனால் சுவர் மூச்சு விடும், கடையும் திறந்திருக்கும்.