ஏரியை மூடியவர் யார்? ஆக்கிரமிப்பாளர் யார்?

நகரத் திட்டமிடலோடு நீர் மேலாண்மையையும் இணைக்க வேண்டும் என்று இப்போது எல்லா நாடுகளிலும் பேசுகிறார்கள். சிங்கப்பூர் ஆற்றைப் பாருங்கள், சியோலின் ஓடையைப் பாருங்கள், நெதர்லாந்தைப் பாருங்கள் என்று சென்னையில் நடக்கும் ஒவ்வொரு கருத்தரங்கிலும் படம் காட்டுகிறார்கள். நமக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் ஒரு நகரத்தின் தண்ணீர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை இந்த நாட்டில் முதலில் எழுப்பியவர்கள் வெளிநாட்டு நிபுணர்கள் அல்லர். மகாடு நகரத்துச் சவுதார் குளத்தில் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளியவர்கள்.

மகாடு சத்தியாகிரகத்தைத் தண்ணீர் குடிக்கும் உரிமைக்கான போராட்டமாக மட்டுமே நாம் படித்திருக்கிறோம். அது ஒரு நகராட்சியின் சொத்து பற்றிய வழக்கும்கூட. 1923இல் எஸ்.கே.போலே கொண்டுவந்த தீர்மானத்தை பம்பாய் சட்டமன்றம் நிறைவேற்றியது. அரசுப் பணத்தில் நடக்கும் நீர்நிலைகள், கிணறுகள், பள்ளிகள் எல்லாம் தீண்டத்தகாதோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றது தீர்மானம். 1924இல் மகாடு நகராட்சியும் தன் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் ஏட்டில் இருந்தது, குளம் சாதி இந்துக்களிடம் இருந்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் ஊர்வலமாகப் போய் அந்தத் தீர்மானத்தைச் செயல்படுத்தினார்கள். அடி விழுந்தது. குளத்தில் பஞ்சகவ்யம் ஊற்றித் ‘தீட்டு’ கழித்தார்கள். ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டது. காலங்காலமான வழக்கம் என்று சாதி இந்துக்கள் நீதிமன்றம் போனார்கள். குளம் நகராட்சியுடையது, அப்படியொரு தொன்றுதொட்ட வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 1937 மார்ச்சில் தீர்ப்பளித்தது. ஒரு கை தண்ணீருக்குப் பத்து வருடம். 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதைப் பார்த்த நமக்கு அந்தப் பத்து வருடம் இன்னும் முடியவில்லை என்றே படுகிறது.

இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு சென்னைக்கு வருவோம்.

சென்னை தட்டையான ஊர். கொசஸ்தலை, கூவம், அடையாறு ஆகிய மூன்று ஆறுகளும், அவற்றைக் குறுக்கே வெட்டிப் போகும் பக்கிங்காம் கால்வாயும்தான் இதன் வடிகால். இவற்றுக்கு மேலே, சுற்றுவட்டாரம் முழுக்கச் சங்கிலிபோல் ஏரிகள். ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக உபரி நீர் அடுத்த ஏரிக்குப் போகும், கடைசியில் சதுப்பு நிலத்துக்கும் கடலுக்கும் போய்ச் சேரும். இன்று ‘நீடித்த நீர் மேலாண்மை’ என்று எதைச் சொல்கிறார்களோ அது இதுதான். இதை நடத்தியது யார்? வடதமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் மதகு திறந்து மூடியவர், கால்வாய் தூர்வாரியவர், வயலுக்கு வயல் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சியவர் நீர்க்கட்டி என்ற சேரி மனிதர். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்பது அவருக்குத் தெரியும். அவருக்கென்று ஒரு வயல் இருக்காது. ஊர்க் கிணற்றில் அவர் வாளி இறங்காது. நீரை ஆளத் தெரிந்தவரை நீரிலிருந்து தள்ளி வைத்ததுதான் நம் மரபார்ந்த நீர் மேலாண்மை. ‘முன்னோர் ஞானம்’ என்று அதைக் கொண்டாடும் சூழலியல் அன்பர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் புரட்டுவதில்லை.

ஊர் மேட்டில் இருக்கும், சேரி பள்ளத்தில் இருக்கும். கம்பெனி காலத்து மெட்ராஸ் இந்த வரைபடத்தை அப்படியே நகரத்துக்குள் கொண்டுவந்தது. ஆவணங்களில் ‘பெரிய பறைச்சேரி’ என்று தனிப்பெயரே இருந்தது. பிறகு ஆலைகள் வந்தன, துறைமுகம் வந்தது, கூலிக்கு ஆள் தேவைப்பட்டது. வந்தவர்களுக்கு மேட்டு நிலம் கிடைக்கவில்லை. கூவக்கரையும் கால்வாய்க்கரையும் புளியந்தோப்புப் பள்ளமும் கிடைத்தன. 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தக் கலவரத்தில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிக்கப்பட்ட அதே புளியந்தோப்பில்தான் இன்றும் ஒரு மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. அங்கே மக்கள் வெள்ளத்தை விரும்பிப் போய்க் குடியேறவில்லை. வெள்ளம் வரும் இடம் மட்டுமே அவர்களுக்கு விடப்பட்டிருந்தது.

அதே 1920களில் நகரத்தின் மறுபக்கம் வேறொன்று நடந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர்ப் பக்கம்வரை நீண்டு கிடந்த பேரேரியின் மாம்பலம் பகுதியை மூடி ஒரு புதிய நகரை வரைந்தார்கள். 1920ஆம் ஆண்டு நகரத் திட்டச் சட்டத்தின் கீழ் உருவான தியாகராய நகர் அது. பூங்கா, அகலமான சாலை, நீதிக்கட்சித் தலைவர்கள் பெயரில் தெருக்கள். சென்னையில் நவீன நகரத் திட்டமிடல் தொடங்கிய காலத்திலேயே ஏரியை மூடுவதும் தொடங்கிவிட்டது. மிச்சமிருந்த ஏரியில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. நுங்கம்பாக்கத்தில் ஒரு பகுதிக்கு இன்றும் ‘லேக் ஏரியா’ என்று பெயர், ஏரியைத்தான் காணோம். முகப்பேரில் ‘ஏரி ஸ்கீம்’ என்றே ஒரு குடியிருப்புத் திட்டம் உண்டு. பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டுப் பறக்கும் ரயிலை 1997இல் மயிலாப்பூர்வரை ஓட்டினார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் குப்பைக்கிடங்கு, அரசு ஆய்வு நிறுவனங்கள், ஐ.டி. சாலைக் கட்டடங்கள் எல்லாம் வந்தன. இவற்றில் எதையும் எந்த அரசு ஆவணமும் ‘ஆக்கிரமிப்பு’ என்று சொல்லவில்லை. ‘வளர்ச்சி’ என்றுதான் சொன்னது.

ஆக்கிரமிப்பு என்ற சொல் வேறு ஆட்களுக்காக வைக்கப்பட்டிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அது முழுவீச்சில் வந்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து தண்ணீர் எப்போது, எவ்வளவு திறக்கப்பட்டது என்ற கேள்வி மெல்ல அடங்கியது. அடையாற்றின், கூவத்தின் கரைகளில் இருந்த குடிசைகள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டன. ஆற்றுச் சீரமைப்பு என்ற பெயரில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பப்பட்டன. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் கால்வாய்க்கரை வீடுகளை இடிக்க வந்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்துபோனார். அந்த வீடுகள் கால்வாயின் கரையில் இருந்தன. பறக்கும் ரயில் கால்வாய்க்குள்ளேயே நிற்கிறது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, முடிந்தவரை மக்கள் இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்பு என்பதுதான் கொள்கை. அந்தக் குடியிருப்புகளின் தரம் பற்றி நமக்கு நிறையக் குறைகள் உண்டு, ஆனால் இடம் நகரத்துக்குள் இருந்தது. 2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று எல்லாம் தெற்கே போயின. பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000க்கும் மேற்பட்ட வீடுகள். வீட்டுவேலை, துப்புரவு வேலை, மீன் வியாபாரம் என்று நகரத்துக்குள் பிழைத்த பெண்கள் வேலையை விட்டார்கள், இல்லையென்றால் பாதிக் கூலியைப் பேருந்துக்குக் கொடுத்தார்கள். இதைவிடப் பெரிய கொடுமை, வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று அழைத்துப்போய் விட்ட இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கத்துத் தாழ்நிலம். 2015 வெள்ளத்தில் செம்மஞ்சேரிக் குடியிருப்பும் தண்ணீரில்தான் நின்றது. சேரியைப் பள்ளத்திலிருந்து எடுத்து இன்னொரு பள்ளத்தில் வைத்திருக்கிறார்கள்.

இனி அவர்கள் காட்டும் படங்களுக்கு வருவோம். முதல் படம் சியோல் நகரத்தின் சோங்கேசோன் ஓடை. மேம்பாலச் சாலையை இடித்து, அடியில் புதைந்து கிடந்த ஓடையை 2003இல் தொடங்கி 2005க்குள் மீட்டெடுத்தார்கள். சுமார் 6 கிலோமீட்டர் நீளம், பார்க்க அழகுதான். ஓடுகிற தண்ணீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து குழாயில் இறைத்து விடப்படுவது என்பதைப் படம் காட்டுபவர்கள் சொல்வதில்லை. ஓடை புதைந்த கதையையும் சொல்வதில்லை. போருக்குப் பிறகு அதன் கரைகளில் அகதிகளும் ஏழைகளும் குடிசை போட்டிருந்தார்கள். 1958இலிருந்து ஓடையைக் கான்கிரீட்டால் மூடினார்கள். 1960களின் இறுதியில் அந்தக் கரையிலிருந்தும் நகரின் வேறு குடிசைப் பகுதிகளிலிருந்தும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரைச் சியோலுக்குத் தென்கிழக்கே குவாங்ஜு என்ற வெற்று மலைச்சரிவில் கொண்டுபோய் விட்டார்கள். தொழிற்சாலை வரும், குடிநீர் வரும், பேருந்து வரும் என்றார்கள். எதுவும் ஒழுங்காக வரவில்லை, மனைக்குப் பணம் கட்டச் சொல்லும் நோட்டீஸ் மட்டும் வந்தது. 1971 ஆகஸ்ட் 10 அன்று மக்கள் வீதிக்கு வந்தார்கள், அரசு வண்டிகள் எரிந்தன. ராணுவத் தளபதியாக இருந்து ஆட்சியைப் பிடித்த பார்க் சுங் ஹீயின் அரசே இறங்கிவந்து பேச வேண்டியதாயிற்று. இன்றைய சோங்னாம் நகரத்தின் தொடக்கம் அது. கொரிய மொழியில் எழுதப்பட்ட கண்ணகி நகர் என்று நாம் இதைப் படிக்கிறோம். 2003இல் ஓடையை மீட்டபோதும் அங்கிருந்த நடைபாதை வியாபாரிகள்தான் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அவர்களை ஒரு பழைய விளையாட்டரங்கில் வைத்தார்கள். சில ஆண்டுகளில் அந்த அரங்கமும் இடிக்கப்பட்டது. ஓடையை மூடும்போதும் ஏழை போனான், திறக்கும்போதும் ஏழை போனான்.

சிங்கப்பூர் கதை கொஞ்சம் வேறு. 1977இல் பிரதமர் லீ குவான் இயூ, பத்து வருடத்தில் ஆறு சுத்தமாக வேண்டும் என்றார். 1987இல் ஆனது. கரையில் இருந்த குடும்பங்கள், பன்றிப் பண்ணைகள், தெருக்கடைகள், சரக்குப் படகுகள் எல்லாம் அகற்றப்பட்டன. அங்கே ஜனநாயகம் பொங்கி வழியவில்லை, இழப்பீடு போதாது என்ற முணுமுணுப்பும் இருந்தது. ஆனால் போன குடும்பங்களுக்கு வீட்டு வசதிக் கழகத்தின் அடுக்குமாடி வீடும், தெருக்கடைக்காரர்களுக்கு அங்காடிக் கூடங்களில் குழாயும் சாக்கடையும் உள்ள கடையும் கிடைத்தன. வாளியில் மலம் அள்ளும் முறையையும் அதே 1987இல்தான் சிங்கப்பூர் முற்றிலும் நிறுத்தியது. ஆற்றைச் சுத்தமாக்குவதும் மனிதன் மலம் அள்ளுவதை ஒழிப்பதும் அங்கே ஒரே காலத்தில் முடிந்தன. நம் அதிகாரிகள் மெரினா அணைக்கட்டின் படத்தோடு திரும்பி வருகிறார்கள். இந்தச் செய்தியை விமானத்திலேயே விட்டுவிடுகிறார்கள்.

ஏனென்றால் இங்கே கழிவுநீர் மறுசுழற்சியும் நடக்கிறது, கழிவுநீர்க் குழாய்க்குள் மனிதர் இறங்கிச் சாவதும் நடக்கிறது. கோயம்பேட்டில் சுத்திகரித்த நீர் திருப்பெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் போகிறது, நவீனத் தொழில்நுட்பம். அந்த நிலையத்துக்கு முன்னால் உள்ள நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பாதாளச் சாக்கடையில் அடைப்பு வந்தால் இன்றும் கூப்பிடுவது அருந்ததியர் தெருவைத்தான். 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். 2014இல் உச்ச நீதிமன்றம் இறப்புக்கு 10 லட்சம் என்றது, 2023இல் 30 லட்சம் என்றது. தொகை உயர்கிறது.

நெதர்லாந்துக்கு நம்மோடு நேரடித் தொடர்பே உண்டு. 2018இல் தொடங்கிய டச்சு அரசின் நீர்த் திட்டத்தில்தான் சென்னைக்கு ‘ஆயிரம் குளங்களின் நகரம்’ என்ற யோசனை வந்தது. அவர்கள் நாட்டில் ‘ஆற்றுக்கு இடம்’ என்ற பெருந்திட்டத்தின்போது ஓவர்டீப் என்ற தாழ்நிலத்தை வெள்ளத்துக்குத் திறந்துவிட வேண்டியிருந்தது. அங்கிருந்த விவசாயிகளே மாற்றுத் திட்டம் கொண்டுபோனார்கள். நிலத்தின் ஓரத்தில் மண்மேடுகள் எழுப்பி, அதன்மேல் எங்கள் பண்ணைகளைக் கட்டிக்கொடுங்கள், வெள்ளம் வரும்போது வரட்டும் என்றார்கள். அரசு ஏற்றுக்கொண்டது. அந்த நாட்டில் நீர் வாரியங்களுக்குத் தேர்தல் நடக்கிறது. அந்த விவசாயிகள் நிலம் வைத்திருந்தார்கள் என்பதும் உண்மை. பட்டா இல்லாதவன் திட்டம் போட்டுக்கொண்டு போனால் எந்த நாட்டில் கேட்பார்கள் என்று நமக்கும் சந்தேகம்தான்.

சென்னைப் பெருநகருக்கான மூன்றாவது முழுமைத் திட்டத்தை, 2026இலிருந்து 2046 வரைக்கும், பெருநகர் வளர்ச்சிக் குழுமம் தயாரிக்கிறது. ஏரிகளும் வெள்ளமும் அதில் பேசப்படும். நாம் கேட்பது இவ்வளவுதான். குடிசைகளைக் கணக்கெடுத்ததுபோல், நீர்நிலைகளில் நிற்கும் அரசு, தனியார் கட்டடங்களையும் சர்வே எண்ணோடு கணக்கெடுத்து அதே வரைபடத்தில் போடுங்கள். கரையை விட்டுப் போயே ஆகவேண்டிய குடும்பத்துக்கு அதே வார்டில், மேட்டு நிலத்தில், பட்டாவோடு வீடு கொடுங்கள். பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் இருந்து ஆட்களை அந்தக் குழுவில் உட்கார வையுங்கள். மழை பெய்தால் தண்ணீர் எந்தத் தெருவில் நுழைந்து எந்தத் தெருவில் வடியும் என்று அவர்களுக்குத் தெரியும்.