புளிப்பை நம்பியவர்கள்

ஆயுத பூஜை வந்தால் ஓசூரில் எலுமிச்சைக்குத் தனி மவுசு. சிப்காட் பக்கம் லேத்துக்கு ஒன்று, டெம்போ டயருக்கு நாலு. போன வருஷம் மிஞ்சிய பழங்களை ஃபிரிட்ஜில் அப்படியே போட்டுவிட்டு மறந்துபோனேன். மூன்று வாரம் கழித்து எடுத்தால் கோலிக்குண்டு மாதிரி கெட்டி. நறுக்கிப் பிழிந்ததில் நாலு சொட்டு வந்தது. அதுவும் சுள்ளென்று புளித்தது. "புளிப்பு நல்லாத்தானேம்மா இருக்கு?" என்று போனில் கேட்டேன்.

"புளிப்பு கடைசி வரைக்கும் இருக்கும்டா. கையில தூக்கிப் பாரு, கனம் இருக்கான்னு" என்றாள் அம்மா.

இதே புளிப்பை நம்பி ஒரு கடற்படையே ஏமாந்திருக்கிறது.

1747-இல் சாலிஸ்பரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர், ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோயில் கிடந்த 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு விதமான மருந்து கொடுத்தார். தினமும் இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும் தின்ற ஜோடிதான் சீக்கிரம் எழுந்து நடமாடியது. ஆறே நாளில் பழம் தீர்ந்துவிட்டது.

அப்போதுதான் உண்மையான சிக்கல் வந்தது. மாதக்கணக்கில் போகும் கப்பலில் பழத்தை எப்படி வைத்துக்கொள்வது? சாற்றைச் சூடாக்கிப் பாகாகச் சுண்டவைத்து பாட்டிலில் அடைக்கலாம் என்றார் லிண்ட். பாகு புளித்தது, கெடவுமில்லை. ஆனால் நோயைத் தடுக்கும் பொருளில் பெரும்பகுதி சூட்டிலேயே போய்விட்டது. புளிப்பைத் தருவது சிட்ரிக் அமிலம், ஸ்கர்வியைத் தடுப்பது வைட்டமின் சி. ஒரே பழத்தில் இருந்தாலும் இரண்டும் வேறு ஆட்கள். இது அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

1795-இல் கடற்படை சுண்டவைக்காத எலுமிச்சைச் சாற்றை மாலுமிகளுக்குக் கொடுக்கத் தொடங்கியது. ஸ்கர்வி ஏறக்குறைய மறைந்தது. 1860-களில் மத்தியதரைக்கடல் பக்கத்துப் பெரிய எலுமிச்சையை விட்டுவிட்டு, மேற்கிந்தியத் தீவுகளின் சின்ன எலுமிச்சைக்கு மாறினார்கள். அதுதான் இன்னும் அதிகமாகப் புளிக்கிறதே! 1875-இல் ஆர்க்டிக் போன நேர்ஸ் பயணக்குழு, பாட்டில் சாறு கையில் இருந்தும் ஸ்கர்வியில் விழுந்து அடுத்த வருஷமே திரும்பியது.

அந்தச் சின்னப் பழம் வேறெதுவும் இல்லை, நாம் தினமும் பிழிகிற அதே மெல்லிய தோல் எலுமிச்சைதான். தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர். அன்றைய கப்பல் கணக்குகளிலும் பெயர்க் குழப்பம் இருந்ததால், மாறியது பழம் என்பதே வெகுகாலம் உறைக்கவில்லை.

கடைசியில் அந்தப் பிழைக்கு விலை கொடுத்தவர்களில் நம் ஆட்களும் உண்டு. முதல் உலகப்போரில், 1915 டிசம்பரிலிருந்து 1916 ஏப்ரல் வரை மெசபடோமியாவின் குட் நகரம் முற்றுகையில் கிடந்தது. குதிரைக்கறி தின்ன மறுத்த இந்தியச் சிப்பாய்களை ஸ்கர்வி பிடித்தது. அந்தப் போர்முனை முழுக்கவே ஆயிரக்கணக்கில் நோயாளிகள். 1918-இல் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஹாரியட் சிக்கும் அவருடன் வேலை செய்த பெண்களும் கினிப் பன்றிகளை வைத்துச் சோதித்தார்கள். சின்ன எலுமிச்சையின் புதுச் சாற்றுக்குப் பெரியதில் கால்பங்கு சக்திதான், பாட்டிலில் அடைத்து வைத்ததற்கு அநேகமாக ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. முளைகட்டிய பயறு அதைவிட மேல் என்றும் காட்டினார்கள்.

காற்றும் சூடும் செம்பும் பட்டால் வைட்டமின் சி சிதையும். பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் பூசாமல் புளிப்பு வைக்காதே என்று பாட்டிகள் சொன்னது களிம்புக்குப் பயந்துதான், ஆனால் அது இதற்கும் பொருந்துகிறது. முழுப் பழத்தின் தோல்தான் இருப்பதிலேயே நல்ல பாட்டில்.

பறித்த பிறகு எலுமிச்சை மேற்கொண்டு பழுப்பதில்லை. பச்சை மஞ்சளாவது நிறம் மாறுவது மட்டும்தான். தோல் வழியாகத் தண்ணீரை மட்டும் விட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் கனம் குறைகிறது. இப்போது ஈரம் துடைத்து, மூடிபோட்ட டப்பாவில் ஃபிரிட்ஜில் வைக்கிறேன். ஒரு மாசம் தாங்குகிறது. பூஞ்சை பிடித்ததை உடனே எடுத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் பக்கத்துப் பழமும் போய்விடும். சாற்றை அப்போதைக்கப்போது பிழிந்து குடிக்கிறேன்.

போன ஞாயிறு உழவர் சந்தையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேரம் நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு அம்மா ஒவ்வொரு பழத்தையும் உள்ளங்கையில் தூக்கிப் பார்த்துப் பொறுக்கினார். நானும் அப்படியே பொறுக்கினேன். கொஞ்சம் நேரம் பிடித்தது. கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை.